துப்பாக்கிக்கு 300 டாலர்! பால்வெட்டும் தொழிலாளிக்கு?

லைபீரியாவில் சமாதானம் கொண்டுவந்தது யார்? ஐ.நா. சபையின் நீலத்தொப்பிப் பட்டாளம் என்று எழுதுகின்றன பெரிய பத்திரிகைகள். தோழர்களே, இது பாதி உண்மை. விழுங்கப்பட்ட மீதிப் பாதியைக் கேளுங்கள்!

மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் 1989 டிசம்பரில் மூண்ட உள்நாட்டு யுத்தம், நடுவே சில வருஷம் அடங்கி, மறுபடி கிளம்பி, 2003 வரை ஜனங்களைச் சூறையாடியது. மாண்டவர் இரண்டரை லட்சம் என்கிறார்கள். மீசை முளைக்காத பையன்கள் கையில் துப்பாக்கி! ஜனாதிபதி சார்லஸ் டெய்லர் காட்டு மரத்தை வெட்டி விற்று ஆயுதம் வாங்கினார். பிரான்சிலும் சீனாவிலும் வியாபாரிகள் அந்த மரத்தை வாங்கினார்கள். மரத்துக்கு ஐ.நா. தடை போட்டது எப்போது? 2003ல்!

அந்த வருஷம்தான் மன்றோவியா மீன்சந்தைப் பக்கம் வெள்ளை உடை உடுத்திய பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒன்றாக, வெயிலென்றும் மழையென்றும் பாராமல். பேச்சுவார்த்தை நடந்த அக்ரா நகருக்கும் போய், மண்டப வாசலை மறித்தார்கள். உடன்பாடு காணாமல் ஒருவரும் வெளியேற முடியாது என்றார்கள். ஆகஸ்ட் 18ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. துருப்புகள் 15,000 பேரை அனுப்ப ஐ.நா. தீர்மானித்தது அதற்குப் பிறகு, செப்டம்பரில்.

துருப்புகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொலை நின்றது, அது சிறிய காரியமல்ல. 2007ல் போன நம் நாட்டுப் பெண் போலீஸ் படையை அந்த ஊர்ப் பெண்கள் நம்பினார்கள். ஆனால் ஆயுதம் களைந்த லட்சணத்தைப் பாருங்கள்! வந்து பதிந்த ஒவ்வொருவருக்கும் 300 டாலர். ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். ஒப்படைத்த துப்பாக்கியோ முப்பதாயிரத்துக்கும் குறைவு. தளபதிகள் வேண்டியவனுக்குத் தோட்டாவைக் கொடுத்து வரிசையில் நிறுத்திப் பங்கு வாங்கினார்கள். சுட்டவனுக்குப் பணம், சூடுபட்டவனுக்கு?

ரப்பர் தோட்டத்துக்கு வருவோம். 1926ல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி, பத்து லட்சம் ஏக்கர் வரை 99 வருஷத்துக்கு எடுக்க ஒப்பந்தம் செய்தது. ஏக்கருக்கு ஆறு சென்ட் வாடகை! யுத்தம் ஓய்ந்து நீலத்தொப்பிகள் காவல் நின்ற 2005ல், ஜனங்கள் ஓட்டுப் போடாத இடைக்கால சர்க்கார் கம்பெனியோடு புது ஒப்பந்தம் போட்டது. ஓட்டுப்பெட்டி வரும்வரை பொறுக்க முடியவில்லையாம்!

தோட்டத்தில் நடந்ததை 2006ல் ஐ.நா.வின் சொந்த அறிக்கையே சொல்லிற்று. தினம் வெட்டவேண்டிய மரக் கணக்கு ஒரு ஆளால் முடியாது. பெண்டாட்டி பிள்ளையும் தோட்டத்தில் இறங்கவேண்டும். நிரம்பிய பால்வாளிகளைக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். அறிக்கை எழுதினார்கள், சரி. எழுதியதால் வாளி இறங்கிற்றா?

இறக்கியது தொழிலாளிதான். 2007 ஜூலையில் தாங்களே ஓட்டுப் போட்டுச் சங்கத் தலைமையைத் தேர்ந்தார்கள். பழைய தலைமை கோர்ட்டுக்குப் போயிற்று. சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. 2008ல் கம்பெனி மேஜைக்கு வந்தது. கூலி ஏறிற்று, மரக் கணக்கு குறைந்தது, பால் சுமக்க வண்டி விடுவதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.