வள்ளியூர் பஸ்ஸில் ஒரு குறள்



சின்ன வயதில் வள்ளியூரிலிருந்து ராதாபுரத்துக்கு ஆச்சியோடு டவுன் பஸ்ஸில் போவேன். டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தகட்டில் ஒரு குறள் எழுதியிருக்கும். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. "என்னல போட்டிருக்கு, வாசி" என்பாள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் கேட்டால் முழிப்பேன். ஒருநாள், முருங்கைக்காய்க் கட்டோடு பக்கத்தில் நின்றவர் அர்த்தம் சொன்னார். அது அப்படியில்லை என்றார் முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா. ராதாபுரம் வரும்வரை அந்த ஒன்றே முக்கால் அடிதான் பேச்சு. இறங்குவதற்குள் அந்த அம்மாவின் ஊரும் வீடும் ஆச்சிக்குத் தெரிந்துவிட்டன. தூரத்துச் சொந்தமாம்!

அரசுப் பேருந்துகளில் குறள் ஏறியது 1960களின் கடைசியில். அண்ணா அமைச்சரவையில் போக்குவரத்தையும் கவனித்த மு. கருணாநிதி செய்த ஏற்பாடு அது. லண்டன் சுரங்க ரயில்களில் கவிதை ஒட்டத் தொடங்கியது 1986இல்தான். நாம் ஏறத்தாழ இருபது வருடம் முந்தி. அந்த லண்டன் ரயிலில் பின்னாளில் நம் குறுந்தொகைப் பாட்டும், ஏ. கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில், இடம்பிடித்தது. செம்மண்ணில் விழுந்த மழையைப் பாடியதாலேயே செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்ற புலவரின் பாட்டு. தேரி மண்ணில் முதல் மழை விழுந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பாட்டுக்கு உரை வேண்டுமா? லண்டனில் ஏறிய அது திசையன்விளை பஸ்ஸிலும் ஏற வேண்டும் என்பது என் ஆசை.

குறள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில், அந்த வழித்தடத்து மக்களின் பாட்டுக்கும் நாலு வரி இடம் வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இடிந்தகரை மீன்கூடையும் காவல்கிணறு பூக்கட்டும் கல்லூரிப் பையும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்து வருகின்றன. ஆனால் ஆளாளுக்குக் கையில் செல்போன். கோதையாற்றுத் தண்ணீர் கால்வாயில் எப்போது வரும் என்று காத்திருப்பதைப் பற்றி, காற்றாலைக்கு நிலம் கொடுத்ததைப் பற்றி, கடலுக்குப் போனவரைப் பற்றி நம்மூர்க்காரர் எழுதிய நாலு வரி கண்ணில் பட்டால் யாராவது ஒருவர் வாய் திறப்பார். அது போதும்.

ஆச்சிக்கு நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் தெரியும். நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவளோடு போய்விட்டன. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இப்படிப்பட்ட பாட்டுகளை ஊர் ஊராகத் திரட்டிப் புத்தகமாக்கியிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய நாலு வரியை அனுப்புங்கள். வீட்டில் ஆச்சியோ பெரியம்மையோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பாடுவதைப் பாடுகிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பாடியவர் பெயர், ஊர், அந்த ஊருக்குப் போகும் பஸ் எது என்பதையும் குறிப்பிடுங்கள். அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம். தேர்ந்தவற்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கு நானே எடுத்துப் போகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்