நிழலுக்குக் கறுப்புச் சாயம்

பனிமலைப் புகைப்படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ரசிகர்களில் ஒரு கட்சியார் உடனே குரலை உயர்த்திவிடுகிறார்கள். வெள்ளைப் பனி, அதன்மேல் கறுத்த நிழல், அவ்வளவுதான்; இதில் ஒப்பனை ஏது, கலப்படம் ஏது, வர்ணம் என்ற வேஷத்தைக் களைந்த சத்தியமல்லவா இது என்கிறார்கள். கைபேசியில் எடுத்த படத்திலிருந்து ஒரே தட்டில் வர்ணத்தை உறிஞ்சிவிட்டு, "இதுதான் ஸார் நிஜம்" என்று நீட்டுகிறவர்களும் இந்தக் கட்சிதான். இவர்களோடு எனக்கு வெகு நாளாக ஒரு வழக்கு உண்டு.

பனியில் விழும் நிழல் கறுப்பே அல்ல. தெளிந்த வானத்தின் கீழே அது நீலம். மரம் மறைத்ததால் வெயில் எட்டாத இடத்துக்கும் வானத்தின் ஒளி எட்டுகிறது. வெள்ளைப் பனி அந்த நீலத்தை வாங்கி அப்படியே திருப்பித் தருகிறது. மார்கழியில் புல் நுனியில் நிற்பதையே பனி என்று அறிந்த நமக்கு இது தெரியாமல் போனால் குற்றமில்லை. ஆனால் பனியிலேயே நடந்து பழகிய பாரிஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? பிரெஞ்சு ஓவியர் மோனே 1868-69 குளிர்காலத்தில் நார்மண்டியில் ஒரு படம் தீட்டினார். ஒரு வேலி, படல்மேல் 'மாக்பை' என்ற பறவை, பனிமேல் வேலியின் நீல நிழல். 1869-ம் வருஷம் 'ஸலோன்' கண்காட்சியின் நடுவர்கள் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இன்று அது ஓர்சே மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் படத்தில் கறுப்பு வெள்ளை என்று சொல்லத்தக்கது அந்தப் பறவை ஒன்றுதான்!

சரி, காமிரா என்ன செய்கிறது? ஆரம்ப காலத்துத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளிக்குத்தான் மசிந்தன. ஆகவே பனியின் நீல நிழல் அவற்றில் வெளிறிப்போய் விழும். எல்லா வர்ணங்களையும் உணரும் 'பான்குரோமாட்டிக்' தகடு வந்த பிறகு, லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடியை மாட்டினால் நீலம் தடைபட்டு நிழல் கறுக்கும். சிவப்புக் கண்ணாடி மாட்டினால் இன்னும் கறுக்கும். அதே வேலி, அதே வெயில், அதே பனி. நிழல் மட்டும் மூன்று தினுசு. இதில் எதை ஐயா சத்தியம் என்கிறீர்கள்? போதாததற்கு, வெளிச்சத்தை அளக்கும் கருவி உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டிருப்பது. அதன் பேச்சைக் கேட்டால் பனி அழுக்கு வேஷ்டியாகிவிடும். கருவி சொன்னதைப்போல் இரண்டு மடங்கு, சில சமயம் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விட்டால்தான் பனி பனியாக விழும்.

அமெரிக்காவில் யோஸெமிட்டி பள்ளத்தாக்கில், 1927 ஏப்ரல் 10-ந் தேதி, ஆன்ஸல் ஆடம்ஸ் பனி படிந்த 'ஹாஃப் டோம்' பாறையைப் படம் எடுத்தார். முதலில் மஞ்சள் கண்ணாடி. தாம் மனத்தில் கண்டது அதில் வராது என்று தோன்றவே, ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடியை மாட்டி மறுபடி எடுத்தார். பகல் வானம் ஏறக்குறையக் கறுத்துப் போயிற்று. அன்று அங்கே நின்ற எவருடைய கண்ணுக்கும் அந்தக் கறுப்பு வானம் தெரிந்திராது.

இதைச் சொல்வது ஆடம்ஸைக் குறைப்பதற்காக அல்ல. அவருடைய பக்கம் நின்றுதான் சண்டை போடுகிறேன். 'உள்ளது உள்ளபடி' என்று அந்தப் படத்தைப் புகழ்வது, அதை அவர் கையிலிருந்து பிடுங்கி மலைக்கே தானம் செய்வதாகும். நாவல் எழுதுகிறவனுக்கும் இந்தப் பாராட்டு வந்து சேருகிறது. "கண்ணால் கண்டதை அப்படியே எழுதிவிட்டீர்கள்!" எதை விடுவது, எதைக் கறுக்கவைப்பது என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவன் அதைக் கேட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டியிருக்கிறது.

வெறும் ரசனைத் தகராறு என்றால் விட்டுவிடலாம். ஆனால் கறுப்பு வெள்ளை பொய் சொல்லாது என்கிறவர்கள் அதைச் சாட்சிக் கூண்டிலும் ஏற்றிவிடுகிறார்கள். 1951-ல் எவரெஸ்டுக்கு வழி தேடிப் போன எரிக் ஷிப்டனும் மைக்கேல் வார்டும் மென்லுங் பனியாற்றில் ஒரு காலடித் தடத்தைக் கண்டார்கள். அளவு தெரிவதற்காக ஐஸ் கோடரியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். பத்திரிகைகளில் அது வெளிவந்ததும், எட்டி என்ற பனிமனிதனுக்கு ஜாதகமே கணித்துவிட்டார்கள். வெயிலில் உருகினால் தடம் அகன்று உருமாறும் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'போட்டோ இருக்கிறதே!' என்பதுதான் பதில். தடமும் வெள்ளை, சுற்றிலும் வெள்ளை. விரல் எது, குதிகால் எது என்று காட்டுவதெல்லாம் குழிக்குள் விழுந்த நிழல்தான். வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்றே நம் கண் எப்போதும் கணக்குப் போடும். அதனால் இந்த மாதிரிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பலருக்குக் குழியே மேடாகத் தெரியும். வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள். கோடரி மட்டும் கோடரியாகவே இருக்கும்.