சாளரத்தில் நின்றவன்

மேடையேறி அடக்குமுறையைச் சாடும்போது 'பெரியண்ணன்' என்ற சொல்லை எடுத்து வீசாத பேச்சாளர் நம்மில் எத்தனை பேர், தோழனே? நானும் வீசினேன், நூலைப் படிக்காமலேயே வீசினேன்! கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அந்தக் குறை உறுத்தாதா? ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் அளித்த '1984' எனும் புதினத்தைத் திருநகர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து படித்து முடித்தேன். நெஞ்சிலே எஞ்சியது ஏமாற்றம்.

கொடுங்கோன்மையைத் தீட்டியதில் குறையில்லை. வேவு பார்க்கும் திரை, நாள்தோறும் திருத்தப்படும் பழைய ஏடுகள், சொல்லைக் கொன்று சிந்தனையைக் கொல்லும் புதுமொழி! மொழிக்காக 1965-இல் மதுரை மண் கொதித்ததை அறிந்தவன் அப்பக்கங்களை நடுங்காமல் புரட்ட இயலாது.

ஆனால், மக்கள் எங்கே? நூற்றுக்கு 85 பேர் பாட்டாளிகளாம். நம்பிக்கையும் அவர்களிடமே உள்ளதென எண்ணுகிறான் கதைத்தலைவன் வின்ஸ்டன். அவர்களில் ஒருவரேனும் எதிர்த்து நிற்கும் காட்சி உண்டா? ஒரு பெண் வருகிறாள், துணி உலர்த்துகிறாள், பாடுகிறாள். அந்தப் பாட்டும் எந்திரம் இயற்றியது! மாடிச் சாளரத்திலே நின்று அவளைக் கண்டு உருகுகிறான் வின்ஸ்டன்; அவளிடம் ஒரு சொல் பேசினான் இல்லை. நான் நாடகம் எழுதுபவன். இப்படியொரு பாத்திரத்தைப் பாடவிட்டு அனுப்பினால், மணலில் அமர்ந்து பார்ப்போர் என்னைச் சும்மா விடுவார்களா?

ஆர்வெல் உழைப்போரை அறியாதவர் அல்லர். 1936-இல் விகன் நகரின் சுரங்கத் தொழிலாளரிடையே வாழ்ந்தார். ஸ்பெயினிலே பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டுக் கழுத்திலே குண்டேற்றார். அறியாதவர் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன்! பிற்சேர்க்கை அந்த ஆட்சியை இறந்த காலத்திலே பேசுகிறது, ஆகவே அது வீழ்ந்தது என்பர் சிலர். வீழ்த்தியது யார்? நூலில் விடையில்லை.

விடை, 1903-இல் அவர் பிறந்த மண்ணிலே கிடைத்தது. ஆம், இன்றைய பீகாரின் மோதிகாரிதான் அவர் பிறந்த ஊர். 1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தது. ஏடுகளுக்குத் தணிக்கை, தலைவர்களுக்குச் சிறை. 1976 ஜனவரி 31-இல் தமிழகத்து ஆட்சி கலைக்கப்பட்டது. 1977 மார்ச்சில் தேர்தல். எழுத்தறியாதார் மிகுந்திருந்த பீகார், தன் 54 இடங்களில் ஒன்றைக்கூடக் காங்கிரசுக்குத் தரவில்லை! தமிழகம் அன்று வேறு பக்கம் சாய்ந்தது, அதை மறைப்பதற்கில்லை.

நூலைப் படிப்பகத்தில் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வாதாட வா, தோழனே. ஆர்வெலுக்காக நீ பேசு, அந்தப் பெண்ணுக்காக நான் பேசுகிறேன்.