காது நமக்கும் இருக்கிறதே!

எங்களிடம் 2009-ல் வாங்கிய மாருதி 800 இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். "ரெண்டு ஷாக் அப்சார்பரும் போச்சு, மாத்தணும்" என்றார் மெக்கானிக். என்னவரும் தலையாட்டிவிட்டார்.

சத்தம் வரும் இடது பக்கம் உட்காருவது நான்தானே! பள்ளத்தில் மட்டுமில்லை, நல்ல ரோட்டில் பிரேக் போட்டாலும் வருது என்றேன். "வண்டி விஷயம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

திண்டிவனத்தில் வேறொரு மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். வண்டியின் முன் மூலையை அமுக்கி விட்டார்; ஒரே ஆட்டத்தில் நின்றது. ஷாக் போயிருந்தால் தொட்டில் மாதிரி ஆடுமாம். அடியில் கம்பி விட்டு நெம்பினால், ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ் தேய்ந்து கிடக்கிறது! இந்த வண்டியில் சக்கரம் முன்னே பின்னே நகராமல் பிடிப்பதும் அந்த பார்தானாம். அதுதான் பிரேக்கிலும் சத்தம். கூலியோடு 600 ரூபாய். ஷாக் மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும், சத்தமும் போயிருக்காது.

மிக்ஸி சத்தம் மாறினால் முதலில் கண்டுபிடிப்பது யார்? ஓட்டுகிறவர் கவனம் ரோட்டில். எந்தப் பக்கம், பிரேக்கிலா, திருப்பத்திலா என்று நாம் கவனித்துச் சொல்லலாமே, தோழிகளே! காது கொடுக்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

இப்போதெல்லாம் என்னவரே, "ஏதாவது கேக்குதா, சொல்லு" என்கிறார்.

- ஒரு வாசகி, விழுப்புரம்.