கொஞ்சமா, நிறையவா?

'தேர் ஆர் குவைட் எ ஃப்யூ மிஸ்டேக்ஸ்' என்று மேலதிகாரியிடமிருந்து மெயில் வந்தால், 'சில தப்புதானே' என்று நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

'ஃப்யூ' என்றால் மிகச் சொற்பம்; ஏறக்குறைய இல்லை என்கிற தொனி. 'எ ஃப்யூ' என்றால் சில. அதற்கு முன்னால் 'குவைட்' வந்து உட்கார்ந்ததும் அர்த்தம் தலைகீழாகிவிடும். நிறையவே தப்பு இருக்கிறது! 'நாட் எ ஃப்யூ' என்றாலும் நிறையதான். நாம் 'கொஞ்சநஞ்சமில்லை' என்கிறோமே, அதே மாதிரி. நேரம், பணம் போன்று ஒன்று, இரண்டு என்று எண்ணாதவற்றுக்கு 'குவைட் எ பிட் ஆஃப்' அல்லது 'எ கிரேட் டீல் ஆஃப்'.

'பில்லியன்' விஷயத்தில் இன்னும் உஷார் தேவை. அமெரிக்கர்களுக்கு அது நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் வழக்கிலோ லட்சம் கோடி! ஆயிரம் மடங்கு வித்தியாசம். பிரிட்டன் அரசு பயன்படுத்துவதும் நூறு கோடிக் கணக்குதான் என்று 1974-ல் பிரதமர் ஹரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் புத்தகம் கையில் கிடைத்தால், அதில் இருப்பது எந்த பில்லியன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.