பிறைக்கு முன் கூலி

ரமலான் மாதம் முடிவுறும் தறுவாயில் நம்மவரிடையே எழும் உற்சாகத்தைக் கண்டு மகிழாதார் இரார். பெர்மாஸ் ஜெயாவின் கடைத்தெருவிலே அந்தி சாயுமுன் நோன்புச் சந்தை கூடிவிடுகிறது. கடலோரத்தில் நின்றால் எதிர்க்கரையிற் சிங்கப்பூரின் விளக்குகள் தெரியும். அக்கரையில் உழைத்துவிட்டு ஜொகூர்ப் பாலத்தின் வழியே மோட்டார் சைக்கிளில் திரும்பும் வாலிபர்கள், நெரிசலின் நடுவிலேயே ஒரு பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு நோன்பு திறக்கின்றனர். இரவில் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் கொள்ளாத கூட்டம். இருபத்தொன்பதாம் நாள் இரவு, அரசர்களின் முத்திரைக் காப்பாளர் பெருநாளை அறிவிப்பதைக் கேட்கக் குடும்பத்தோடு தொலைக்காட்சியின் முன் அமர்கின்றோம். அறிவிப்பு வந்தவுடன் தக்பீர் முழக்கம் எழுகிறது. அதனோடு கூடவே, “அப்பாடா, முடிந்தது” என்றொரு பெருமூச்சும் எழுகிறது.

அந்தப் பெருமூச்சைக் குறித்தே எழுதப் புகுந்தேன். யாது முடிந்தது? பசி முடிந்தது, மெய்தான். நோன்பு எதற்காக விதிக்கப்பட்டதோ அக்காரியம் முடிந்ததா? அன்றி, அக்காரியத்தை நாம் தொடங்கவேயில்லையா?

இவ்வனுபந்தத்தை வாசிப்போரிற் பெரும்பாலார் முஸ்லிம்கள் அல்லர் என்பதை அறிவேன். “நம் வீட்டுக் குறையை ஊரார்முன் பேசலாமா?” என்று என் சமூகத்துப் பெரியோர் சிலர் கடிந்துகொள்ளக்கூடும். அவர்கட்கு என் விடை இதுவே: குறையை ஊரார்முன்னிலையில் செய்துவிட்டுப் பேசும்போது மட்டும் கதவைச் சாத்துவது நேர்மையாகாது. நம் கடையில் மேசை துடைப்பவரும், தோட்டத்தில் குலை வெட்டுபவரும் ஊராரே. அவர்கள் நம் நோன்பை நம்மினும் நன்றாக அறிவார்கள்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் நோன்பு கடமையாக்கப்பட்டது. அதன் நோக்கம் தக்வா உண்டாவதே என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 183-ஆம் வசனம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. தக்வா என்பது இறைவன் காண்கிறான் என்னும் உணர்ச்சியால் தீமையினின்று தன்னைக் காத்துக்கொள்ளுதல். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவிலே நோன்பை மூன்று படிகளாகப் பகுத்தார்கள். வயிற்றை அடக்குவது முதற்படி. கண், காது, நா, கை, கால் ஆகியவற்றைத் தீமையினின்று அடக்குவது இரண்டாம் படி. உள்ளத்தை இறைவனல்லாத நினைவினின்று அடக்குவது மூன்றாம் படி. பகலில் உண்ணாததையெல்லாம் சேர்த்து வைத்து இரவில் உண்போன் நோன்பினால் அடையும் பயன் யாது என்றும் அப்பெரியார் கேட்டார்கள். ஒன்பது நூற்றாண்டு கழிந்தும் அக்கேள்வி நம் சந்தை வாயிலில் விடையின்றி நிற்கிறது. இந்நாட்டில் நாடோறும் 16,000 டன்னுக்கு மேற்பட்ட உணவு குப்பைக்குப் போகிறதென்றும், நோன்பு மாதத்தில் அது குறைவதற்குப் பதில் கூடுகிறதென்றும் திடக்கழிவுக் கழகத்தார் சில ஆண்டுகட்கு முன் கணித்துரைத்தனர். பசியைப் பழகவேண்டிய மாதத்திற் குப்பை கூடுமாயின், நாம் முதற்படியிலும் நிற்கவில்லை என்பதன்றோ பொருள்?

இரண்டாம் படியில் நம் நிலை யாது? 2025 மார்ச்சில், இதே ஜொகூர் பாருவில், ஒரு வணிக வளாகத்தினுள் நடந்ததை அன்பர்கள் மறந்திரார். பகலில் உணவருந்திய இளைஞன் ஒருவனை, அவன் நோன்பு நோற்கவில்லையென்று சினந்து ஒரு முதியவர் அறைந்தார். அவ்விளைஞனோ முஸ்லிமே அல்லன். காட்சி நாடெங்கும் பரவியது. போலீஸ் விசாரணையும் நடந்தது. “முஸ்லிமல்லாதவரை அறைந்தது தவறு” என்று பலர் எழுதினார்கள். முஸ்லிமாயிருந்தால் அறையலாம் போலும்! நோயாளிக்கும் வழிப்போக்கனுக்கும் நோன்பை ஒத்திவைக்க மறையே இடந்தந்திருக்கிறது. எதிரே இருப்பவன் நோயாளியா, வழிப்போக்கனா என்று அறைந்த கை அறியுமா? நோன்பாளியை ஒருவன் வலிய வந்து ஏசினாலும், தான் நோன்பாளி என்று சொல்லி விலகிவிடவேண்டுமென்பது நபிகள் நாயகத்தின் போதனை. ஏசப்பட்டாலும் கை ஓங்கக்கூடாதவன், ஏசாதவன்மீது கை ஓங்கினான். அன்று முறிந்தது எவருடைய நோன்பு?

ஆயினும் அந்த இளைஞனுக்காகப் பரிந்து பேச நாடே இருந்தது. கன்னத்தில் அடிபடாமல் வயிற்றில் அடிபடுவோருக்குப் பேச எவரிருக்கின்றனர்? இவ்விடத்தில் பிறரைச் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுவதே முறை.

நான் கோத்தா திங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணி. வீடு பெர்மாஸ் ஜெயாவில். 2025-ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்கட்கிழமை வந்தது. மார்ச் மாதக் கூலியை ஏப்ரல் 7-க்குள் கொடுத்தாற் போதும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாள்வரை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவகாசம் தருகிறது. எனினும் பெருநாளை முன்னிட்டு முன்பணம் கொடுக்க மானேஜர் இசைந்திருந்தார். ஆட்களின் பட்டியலைத் தயாரித்து வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பாங்கிக்கு அனுப்பவேண்டியது என் வேலை. வியாழன் இரவோ இருபத்தேழாம் இரவு. ஆயிரம் மாதங்களினும் மேலானதென்று மறை போற்றும் லைலத்துல் கத்ரு அதுவாக இருக்கலாமென்று, பாதி எழுதிய பட்டியலை மேசையறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்கு விரைந்தேன். விடியுமட்டும் தொழுதேன், கண்ணீர்விட்டும் தொழுதேன். மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு நான் காரியாலயம் சேர்ந்தபோது நேரம் தப்பிவிட்டது. “சட்டப்படி இன்னும் நாள் இருக்கிறது” என்று சொல்லி என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பெருநாளைக்குக் குடும்பத்தார் அனைவருக்குமாகப் பித்ராவைக் கைத்தொலைபேசி வழியே கட்டி, ரசீதையும் பத்திரப்படுத்தினேன்.

பெருநாள் கழிந்து திரும்பியபோது, லொம்போக் தீவிலிருந்து வந்து குலை வெட்டும் ஒருவர் என் மேசையருகே வந்து நின்றார். ஏசவில்லை. “கிராணி, இப்பொழுது பணம் அனுப்பினால் ஊருக்குப் போய்ச்சேர எத்தனை நாளாகும்?” என்று மட்டும் மலாயில் வினவினார். பெருநாளுக்கு என்ன செய்தீர் என்று கேட்டேன். தோட்டத்துக் கடையில் கடன் வாங்கினாராம். பிள்ளைகளின் புதுத்துணிக்காக அன்று, பித்ராக் கொடுப்பதற்காக!

பித்ரா யாதென்று அறியாத அன்பர்களுக்காகச் சொல்கிறேன். பெருநாள் தொழுகைக்குமுன் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ஸாவு அளவு தானியம், இந்நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ 2.7 கிலோ அரிசி அல்லது அதன் விலை, எளியோர்க்குக் கொடுத்தாக வேண்டும். நோன்பாளியின் வீண்பேச்சுக்குப் பரிகாரமாகவும், ஏழையின் பெருநாட் சோறாகவும் அது ஏற்பட்டது. தொழுகைக்குப் பின்னே கொடுத்தால் அது வெறுந் தருமமாகவே கணிக்கப்படும். இதன் கருத்தை நோக்குங்கள்: அடுத்தவன் அடுப்பு எரியும்வரை உன் பெருநாள் தொடங்கவில்லை. அந்நாளின் தேவை போக மிச்சமுள்ளவனுக்கே இது கடமை. கடன் வாங்கியவர்மீது கடமையே இல்லை. அவர் பெறவேண்டியவர்; கொடுத்தார். நான் கொடுக்கவேண்டியவன், பூட்டிவைத்தேன். அவர் பணத்தைப் பூட்டிவைத்துவிட்டு என் பாவத்தை மன்னிக்கும்படி இறைவனிடம் அழுதுகொண்டிருந்தேன்!

நான் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன். சிறுபிராயத்தில் அரபு எழுத்தைப் பார்த்து ஓதக் கற்றேனேயன்றிப் பொருள் அறியேன். பொருளை முதன்முதல் அறிந்தது யூசுப் அலி அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில். அது அறிவுக்கு எட்டியது, நெஞ்சைத் தொடவில்லை. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழை வாசித்தபோதுதான் வெட்கம் பிறந்தது. அந்தப் பெருநாளுக்குப் பின் ஓரிரவு, நோன்பின் வசனங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். 183-இல் தொடங்கி 187-இல் நோன்பின் சட்டம் முடிவடைகிறது. ஒவ்வோராண்டும் நம் பிரசங்கிகள் அவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். அடுத்த வசனம் யாது? ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்ணக்கூடாதென்பதே 188-ஆம் வசனம். வைகறைவரை உண்ணுங்கள் என்று 187-இல் எந்த வினைச்சொல் வருகிறதோ, அதே ‘உண்ணுதல்’ என்னும் சொல்லே 188-இலும் வருகிறது.

இவ்வரிசை தற்செயலா? தனக்கு ஆகுமான சோற்றையே ஒரு மாதம் பகலில் தொடாதிருக்கப் பழகியவன், பிறனுக்குரிய சோற்றைப் பன்னிரண்டு மாதமும் தொடாதிருக்கவேண்டும் என்பதே அதன் உபதேசமென நான் கொள்கிறேன். அங்ஙனமாயின் பிறை கண்டவுடன் முடிவது பயிற்சி மட்டுமே. பரீட்சை அன்றுதான் ஆரம்பம். பரீட்சை தொடங்கும் வேளையில் “அப்பாடா” என்கிறோம்!

இனி என் வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் ஒரு தரத்தினர் என்று சொல்லேன். தொழிலாளியோடு ஒரே பாயில் அமர்ந்து நோன்புக் கஞ்சி அருந்தும் முதலாளிகளை அறிவேன். ஆயினும், “பெருநாளுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்” என்று கூலியைத் தள்ளுவோர் நம்மில் இல்லையா? நடுநிசிவரை ஆளை நிற்கவைத்து, அவர் ஸஹர் உண்டாரா என்று கேளாதவர் இல்லையா? வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைப்போர் இல்லையா? பிறர் பாஸ்போர்ட்டை அவ்வாறு பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2025 பிப்ரவரி 1 முதல் ஐவர்க்குக் குறையாத ஆட்களை உடைய தொழிலகங்களிலும், அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் ஏனையவற்றிலும், மாதம் 1,700 வெள்ளிக்குக் குறைந்து கொடுப்பதும் சட்ட விரோதம். இவை அரசாங்கத்தின் சட்டம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்பதோ நபிகளாரின் கட்டளை. முன்னதற்கு இன்ஸ்பெக்டர் வரவேண்டும். பின்னதற்கு எவரும் வரவேண்டியதில்லை. தக்வா உள்ளவனுக்கு அவன் நெஞ்சே இன்ஸ்பெக்டர்.

“வணக்கம் வேறு, வியாபாரம் வேறு, இரண்டையும் குழப்பாதே” என்று ஓர் ஆட்சேபம் கிளம்பும். உலகில் வேறெவர் இதைச் சொன்னாலும் தமிழ் முஸ்லிம்கள் சொல்லலாகாது. 1801-இல் தொடங்கிய பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826-இல் எழுந்த சிங்கப்பூர் ஜாமிஆ சூலியாவும் யாருடைய பணத்தால் உண்டாயின? கப்பலேறி வந்த நம் முன்னோரின் வியாபாரத்தாலன்றோ? வாணிபத்திலிருந்து வணக்கம் பிறந்த சமூகம் நம்முடையது. மேலும், அளவையிற் குறைப்போர்க்குக் கேடு என்று தொடங்கும் ஓர் அத்தியாயமே மறையில் உண்டு. தொழுதுகொண்டே அற்ப உதவியையும் மறுப்போரைக் கண்டிக்கும் அத்தியாயமும் உண்டு. இரண்டையும் பிரித்தது நம் சௌகரியமேயன்றி நம் வேதமன்று.

“தொழுகையையும் இரவு வணக்கத்தையும் இழிவுபடுத்துகிறாய்” என்று மற்றொரு சாரார் கூறுவர். இல்லை, ஐயா! தொழுகை பெரிது, ஆதலினாலேயே அதனைப் பிறர் கூலிக்குத் திரையாக்காதீர் என்கிறேன். அன்று நான் ஒரு மணி நேரம் பிந்திப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தால், நாற்பது குடும்பத்தின் மனமகிழ்ச்சியையும் என்னோடு எடுத்துச் சென்றிருப்பேன். அவ்விரவு லைலத்துல் கத்ருவாகவே இருந்திருந்தால், அதை நான் பள்ளிவாசலிற் பெற்றேனா, மேசையறையிற் பூட்டி இழந்தேனா என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

ஆகவே இவ்வாண்டும் வரும் ஆண்டுகளிலும் நாம் செய்யத்தக்கது யாது? பிறை பார்க்க மேனாட்டம் போடுமுன், கணக்குப் புத்தகத்தை ஒருமுறை பாருங்கள். எவருக்கேனும் கூலி நிற்கிறதா? கொடுத்துவிடுங்கள், பித்ரா அதற்குப் பின். பெட்டியிற் பிறருடைய பாஸ்போர்ட்டு இருக்கிறதா? இன்றே திருப்பித் தாருங்கள். எவரையேனும் கை நீட்டினீர்களா, நா நீட்டினீர்களா? தொழுகை முடிந்து கட்டித் தழுவுமுன் மன்னிப்புக் கேளுங்கள். ஷவ்வாலின் ஆறு நோன்பை நோற்க விரும்புவோர் நோற்கட்டும்; அந்த ஆறு நாளிலேனும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்னும் சொல்லைத் தொழிலாளியிடம் சொல்லாதிருக்கட்டும். தீபாவளிக்குக் கூலி கொடுக்கும் இந்து அன்பர்களுக்கும் இது பொருந்துமென்று கருதின், அவர்களும் ஏற்றுக்கொள்வாராக.

அந்த லொம்போக் நண்பரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, மலாய்க்காரர் பெருநாளிற் சொல்லும் வழக்கப்படியே, தம்மையும் மன்னிக்கும்படி என்னைக் கேட்டார். நான் மன்னிக்க அவர் செய்த குற்றம் யாதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முப்பது ஆண்டு ஓதியும் எனக்கு வாராத தக்வா அவரிடம் இருந்தது என்பது மட்டும் விளங்கிற்று. இப்பொழுது என் மேசையறைக்குப் பூட்டு இல்லை. பட்டியல் இருபதாம் நோன்பிலேயே போய்விடும்.