அபிநயத்தில் தாய்மை

தாய்மையைத் தெய்வமென்று மேடைதோறும் முழங்கும் நம்மவர், அதை அபிநயித்துக் காட்டிய மாதரை எங்ஙனம் நடத்தினர்? 1947-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. அது அவசியமே, நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோயிலில் அம்மாதர் ஆடுவதையும் அது சேர்த்தே விலக்கிற்று. வழக்கத்தோடு வித்தைக்கும் இழிபெயர் வந்தது.

ஶ்ரீமதி தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984) வித்தையைக் கைவிடவில்லை. தாயார் ஜயம்மாள் பாட, மகள் ஆடினார். யசோதையாய்க் கண்ணனை அழைக்கையில், பக்கத்தில் பாடியதும் ஒரு தாயன்றோ! 1973-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. மிகத் தாமதம் என்பதே நமது அபிப்பிராயம். சிருங்காரத்தை நீக்கிப் பரதத்தைப் பரிசுத்தமாக்க வந்தோருக்கு அவர் இணங்கவில்லை. காதலியும் தாயும் ஒரே பெண்தானே?

மடத்துக்குளத்தில் சதங்கை கட்டும் சிறுமிக்கு, அடவுகளோடு இவ்விருவர் பெயரையும் கற்பிக்குமாறு பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.